சத்து மாத்திரையையும் மருந்தாகவே எண்ணுங்கள்: நாட்பட்ட நோயுள்ள முதியோரைக் கவனிப்போருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவரும் என் அம்மாவுக்கு, ஒரு கட்டத்தில் டி.எஸ்.எச். அளவு (தைராய்டு போதாதபோது இரத்தத்தில் ஏறும் எண்) காரணம் தெரியாமல் ஏறத் தொடங்கியது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை, மறுபடியும் கூட்டினார். மூன்றாவது முறை போனபோதுதான் அங்கிருந்த செவிலியர், "காலையில் இந்த மாத்திரையோடு வேறு என்னம்மா போடுகிறீர்கள்?" என்று கேட்டார். "எலும்புக்கு ஒரு சத்து மாத்திரை, அவ்வளவுதான்" என்றார் அம்மா. அது கால்சியம். இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுத்துவிடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிய பிறகு, ஏற்கெனவே கூட்டிய அளவு மிகையாகி இதயப் படபடப்பில் கொண்டுபோய் விட்டுவிடக்கூடாது என்பதற்காக, மருத்துவர் தைராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்.

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டபோதெல்லாம் "இல்லை" என்றே நாங்கள் சொல்லிவந்தோம். எங்கள் கணக்கில் அது மருந்தே இல்லை. வீட்டில் வயதானவர்களைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குவோர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதுமையும் நாட்பட்ட நோயும் சேர்ந்திருக்கும் உடலில் சத்து மாத்திரையின் நடத்தை மாறிவிடுகிறது. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைகிறது; இளவயதில் சிறுநீரோடு வெளியேறிவிடும் மிகைப் பொட்டாசியமும் மக்னீசியமும் இப்போது இரத்தத்தில் தங்குகின்றன. கூடவே நாள்தோறும் ஐந்தாறு மருந்துகள் உள்ளே போகின்றன. புதிதாக வரும் எந்தப் பொருளும் அவற்றில் ஒன்றோடாவது மோத வாய்ப்பிருக்கிறது. மேலும், மருந்துக்கு இருப்பதுபோல விற்பனைக்கு முன்பே பலனையும் பாதுகாப்பையும் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் பல நாடுகளில் சத்து மாத்திரைகளுக்கு இல்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை உணவு வகையில்தான் சேர்த்திருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று எண்ண இடமில்லை.

முதல் வேலை: எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவருவது

ஒரு மதியப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். மருந்துப் பெட்டியில் இருப்பவை மட்டும் போதாது. தலையணைக்கு அடியில், கைப்பையில், குளிர்பதனப் பெட்டியின் கதவில், பூட்டிய அலமாரியில் இருப்பவை எல்லாம் மேசைக்கு வர வேண்டும். மாத்திரை, காப்ஸ்யூல், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை, புரதத் தூள், மீன் எண்ணெய், மூலிகைச் சாறு, மூலிகைத் தேநீர், கண்ணுக்கென்றும் முடிக்கென்றும் மூட்டுக்கென்றும் விற்கப்படுபவை, இவை அனைத்தும் கணக்கில் சேரும். சாதாரண உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தும் 'சோடியம் குறைந்த உப்பு' பொட்டலத்தையும் கொண்டுவாருங்கள். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே பேச்சின் தொனி மிக முக்கியம். பெரியவர்கள் பலர் இவற்றை மறைத்து வைப்பதற்குக் காரணம், பிள்ளைகள் கண்டிப்பார்கள் என்ற தயக்கமும், தம் உடம்புக்குத் தாமே ஏதோ செய்துகொள்கிறோம் என்ற ஆறுதலைப் பறித்துவிடுவார்கள் என்ற கவலையுமே. "இதையெல்லாம் ஏன் வாங்கினீர்கள்?" என்று தொடங்கினால் பாதி டப்பாக்கள் வெளியே வராது. "இது சாப்பிட்டால் என்ன நன்றாக இருக்கிறது?" என்று கேட்டால், மலச்சிக்கல், தூக்கமின்மை, கால் மரத்துப்போவது என்று மருத்துவரிடம்கூடச் சொல்லாத தொல்லைகள் வெளிவரும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், உண்மையான சிகிச்சை அவற்றுக்குத் தேவைப்படலாம்.

இரண்டாவது: லேபிளைப் படித்து நோட்டில் எழுதுவது

ஒவ்வொரு டப்பாவுக்கும் பெயர், உள்ளிருக்கும் சத்துகள், ஒவ்வொன்றின் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில், எப்போதிருந்து, யார் சொல்லி, எதற்காக என்று எழுதுங்கள். டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அங்கே போட்டிருக்கும் அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டு மாத்திரைக்கா என்று பாருங்கள். அலகையும் பாருங்கள்: 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம், விட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யூ. (சர்வதேச அலகு).

இதன் பயன் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒருவர் பல சத்துகள் கலந்த மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். அதில் விட்டமின் டி 1,000 ஐ.யூ. கால்சியம் மாத்திரை காலை, இரவு இரண்டு. ஒவ்வொன்றிலும் 500 ஐ.யூ. இதுவரை 2,000. இவற்றோடு, பரிசோதனையில் குறைவாக இருந்ததற்காக வாரத்துக்கு ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த 60,000 ஐ.யூ. காப்ஸ்யூலையும், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால் எட்டு மாதமாகத் தொடர்கிறார். அதை ஏழால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 8,570. மொத்தம் 10,570 ஐ.யூ. எழுபது வயதைக் கடந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை என்று வகுக்கப்பட்டிருப்பது 800 ஐ.யூ.; மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக்கூடாத உச்ச வரம்பு 4,000. தனித்தனியாகப் பார்த்தால் எந்த டப்பாவிலும் தவறில்லை, கூட்டினால் வரம்பைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போகிறது. விட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இந்த அறிகுறிகளை 'வயசானால் இப்படித்தான்' என்று விட்டுவிடுவது மிக எளிது என்பதே இதில் எனக்குள்ள பெரிய கவலை.

வைட்டமின் ஏ-யையும் துத்தநாகத்தையும் இதேபோலக் கூட்டிப் பாருங்கள். ரெட்டினால் வடிவிலுள்ள விட்டமின் ஏ-க்கு உச்ச வரம்பு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம். அதற்குமேல் நெடுநாள் போனால் கல்லீரல் கெடும். துத்தநாகத்துக்கு 40 மில்லிகிராம். மிகையாகத் தொடர்ந்தால் உடலில் தாமிரம் குறைந்து, இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். விட்டமின் பி6-ஐ மிகுந்த அளவில் பல மாதம் சாப்பிட்டால் அதுவே கால் மரத்துப்போகச் செய்யும். நரம்புக்கு நல்லது என்று எண்ணிச் சாப்பிடும் மாத்திரையிலேயே அது இருப்பதால், மரப்பு கூடும்போது இன்னும் ஒன்று சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

மூன்றாவது: நோய்க்கும் மருந்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

நோட்டில் எதிர்ப்பக்கத்தில் அவருக்குள்ள நோய்களையும், மருத்துவர் எழுதிய மருந்துகளையும் எழுதி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள். முடிவெடுப்பது மருத்துவரின் வேலை. எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்து போவது உங்கள் வேலை.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் மிகுந்த கவனம் வேண்டும். அந்த மருந்து விட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே செயல்படுகிறது. ஆகவே விட்டமின் கே உள்ள மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் மருந்தின் பலன் குறைந்து இரத்தக்கட்டி உருவாகலாம், சாப்பிட்டுவந்ததைத் திடீரென்று நிறுத்தினால் பலன் மிகுந்து இரத்தம் கசியலாம். தொடங்குவதும் ஆபத்து, சொல்லாமல் நிறுத்துவதும் ஆபத்து. எதைச் செய்தாலும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையோடு செய்ய வேண்டும். அதிக அளவு விட்டமின் ஈ, ஜின்கோ, பூண்டுச் சாறு அடைத்த காப்ஸ்யூல் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. மூட்டுக்கென விற்கும் குளுக்கோசமினும் வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆர். ஏறியதாகப் பதிவுகள் உள்ளன.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் பொட்டாசியம்தான் முதல் எச்சரிக்கை. சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்க்கப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனாலப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவையும், ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையும் உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைப்பவை. மருந்தும் அந்த உப்பும் பழுதுபட்ட சிறுநீரகமும் ஒன்றுசேர்ந்தால், முன்னறிகுறி ஏதும் காட்டாமலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகப் போய்விடக்கூடும். மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் உள்ள சில மருந்துகளில் மக்னீசியம் இருப்பதால், மக்னீசியம் மாத்திரையையும் அவற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். புரதத் தூளை மருத்துவர் குறிப்பிட்ட அளவு சொன்னாலொழியத் தொடங்க வேண்டாம்.

இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் ஒரு மாத்திரைக்கே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதிமதுரம் சேர்ந்த தயாரிப்புகள் இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைப்பவை. டிகாக்சின் என்ற இதய மருந்தைச் சாப்பிடுபவருக்கு அது நேரடி ஆபத்து. கொழுப்பைக் குறைக்கும் என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உள்ள மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். ஏற்கெனவே ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மருந்து சாப்பிடுபவர் அதையும் சேர்த்தால், அறியாமலே இரட்டை மருந்து சாப்பிடுகிறார், தசை சிதையும் ஆபத்து கூடுகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு திசையிலும் பேச வேண்டியிருக்கிறது. இன்சுலினோடும் கிளிமிப்ரைடு போன்ற மாத்திரைகளோடும் பெர்பெரின் முதலிய, சர்க்கரையைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்தால் தாழ்சர்க்கரை வரலாம். தனியாக வசிக்கும் முதியவருக்கு அது நடுஇரவில் வந்தால் எழுப்பக்கூட ஆள் இருக்காது. மறுபக்கம், மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு விட்டமின் பி12 குறைவது நன்றாக அறியப்பட்ட ஒன்று. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். அதனால் வரும் கால் மரப்பைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்றே எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். இவர்களுக்குப் பி12 பரிசோதனை கேட்டுப் பெறுவது வீண் செலவல்ல. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்பு கெடுவது உள்ளே தொடரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கென விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது கல்லீரலைத் தூண்டி வார்ஃபரின், டிகாக்சின், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் உள்ளிட்ட பல மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடுகிறது. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தாலோ, உடல் நடுக்கம், காய்ச்சல், பதற்றம் என உயிருக்கே தீங்கான நிலை உண்டாகலாம். நான்கு மருந்துக்கு மேல் சாப்பிடும் ஒருவருக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

'இயற்கையானது' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். செறிவூட்டப்பட்ட பச்சைத் தேயிலைச் சாறு, மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின், அஸ்வகந்தா ஆகிய காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. சமையலில் சேரும் சிட்டிகையும், நாள்தோறும் விழுங்கும் செறிவும் ஒன்றல்ல.

நான்காவது: எதற்காக என்று கேட்பது

'எதற்காக' என்ற கட்டம் காலியாக இருக்கும் டப்பாக்களைத்தான் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பரிசோதனையில் தெரிந்த குறைபாட்டுக்குச் சத்து மாத்திரை நல்ல மருந்து. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலாவின் சிதைவில் குறிப்பிட்ட நிலையை எட்டியவர்களுக்குக் குறிப்பிட்ட சத்துக் கலவை பார்வை இழப்பைத் தாமதப்படுத்துவது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அதே கலவையின் பழைய வடிவில் இருந்த பீட்டா கரோட்டின், புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்பது 1994-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் தெரியவந்தது; பின்னர் அதற்குப் பதில் லூட்டினும் ஜியாசாந்தினும் சேர்க்கப்பட்டன. கண் மாத்திரை வாங்கும்போது, புகைபிடித்தவராக இருந்தால், 'பீட்டா கரோட்டின்' என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இரும்புச்சத்தில் வேறொரு கவனம் வேண்டும். வயதானவருக்கு இரத்தசோகை என்றவுடன் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த வயதில் இரும்பு குறைவது, வயிற்றிலோ குடலிலோ மெல்லக் கசியும் புண்ணின் அல்லது கட்டியின் முதல் அடையாளமாக இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் ஹீமோகுளோபின் அளவை மட்டும் ஏற்றினால், கண்டுபிடிக்க வேண்டிய நோய் மறைந்து நிற்கும்.

ஐந்தாவது: மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் போவது

நோட்டோடு டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நேரம் குறைவாக இருந்தால் மூன்று கேள்வி போதும்: இது இவருக்குத் தேவையா? இவர் சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்போகுமா? எவ்வளவு காலம் வரை? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். நிறுத்தும் தேதியை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மருந்தாளுநர் மருந்துகளுக்கிடையேயான மோதலைப் படித்துத் தேர்ந்தவர். வாங்கும் இடத்திலேயே அவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆறாவது: வாங்குவது

ஒரு குறைபாட்டுக்கு ஒரு சத்து மட்டும் உள்ளதை வாங்குவதே நல்லது; முப்பது பொருள் கலந்ததில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. யூ.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற சுதந்திரச் சோதனை முத்திரை இருந்தால், லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஏற்றது என்று அந்த முத்திரை சொல்லவில்லை. மூட்டுவலியை ஒரே வாரத்தில் போக்கும், சர்க்கரையை வேரோடு நீக்கும், ஆண்மையைக் கூட்டும் என்று கூறும் தயாரிப்புகளை அறவே தவிர்த்துவிடுங்கள். இத்தகையவற்றில் லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டும் சர்க்கரை மருந்தும் ஆண்மைக்குறைவு மருந்தான சில்டெனாஃபிலும் கலந்திருந்தது பல நாட்டு ஆய்வகங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் உடலில் சில்டெனாஃபில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிர் போகலாம்.

ஏழாவது: நேரம் வகுத்துக் கொடுப்பதும் கவனிப்பதும்

தைராய்டு மாத்திரை விடியலில் வெறும் வயிற்றில். கால்சியமும் இரும்பும் அதற்கு 4 மணி நேரம் தள்ளி. அவை இரண்டும்கூட ஒன்றாக வேண்டாம். கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் உள்ள நாளில், அதை வெறும் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருந்த பிறகே மற்ற எதுவும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதிக்கொடுத்திருந்தால், அந்தச் சில நாள்களுக்குக் கால்சியம், இரும்பு, துத்தநாகத்தை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள். பெரிய மாத்திரைகள் தொண்டையில் அடைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, முழு டம்ளர் தண்ணீரோடுதான் கொடுக்க வேண்டும்.

புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, இரண்டு மூன்று வாரமாவது கவனியுங்கள். காரணமில்லாத நீலத் தழும்பு, ஈறில் இரத்தம், கறுத்த மலம், மஞ்சள் பூத்த கண், அடர்ந்த நிறச் சிறுநீர், புதிதாக வந்த குழப்பம் அல்லது மயக்கம், துடிப்பு தவறுவதுபோன்ற உணர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றாலும், அதை முடிவு செய்வது அவராக இருக்கட்டும்.

இரத்தப் பரிசோதனைக்கு முன் பயோட்டின் பற்றிக் கேளுங்கள். நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமான இந்தச் சத்து, முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. அது இரத்தத்தில் இருக்கும்போது தைராய்டுப் பரிசோதனை தவறான எண்ணைக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவு குறைவாகத் தெரியலாம். அப்படித் தவறாகக் குறைந்து தெரிந்த ஒருவர் இறந்ததைக் குறிப்பிட்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை வெளியிட்டது. சில நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டுமா என்று ஆய்வகத்திலோ மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை என்று தேதி குறித்தவுடனே, கடைசி நாள் வரை காத்திராமல், முழுப் பட்டியலையும் மயக்க மருந்து தருபவரிடம் காட்டுங்கள்; பலவற்றை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

அம்மாவின் நோட்டு இப்போது மூன்றாவது பதிப்பில் இருக்கிறது. மருந்து மாறும்போதெல்லாம் தேதி போட்டுப் புதிய பக்கத்தில் எழுதுகிறோம். ஒரு பிரதி அவருடைய கைப்பையில், ஒன்று குளிர்பதனப் பெட்டியின் கதவில், புகைப்படமாக ஒன்று என் கைப்பேசியிலும் தங்கையின் கைப்பேசியிலும். அவசரத்துக்கு அழைத்துப்போவது யாராக இருந்தாலும், "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தை நீட்டினால் போதும்.